கார்த்திக்கின் பாங்காக் வேலை: குடும்பக் குழுவில் பேசியது

செல்வி அத்தை: எல்லாருக்கும் ஒரு நல்ல செய்தி. கார்த்திக்குக்குப் பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை கிடைத்துவிட்டது. மாதம் 80,000. சாப்பாடு, ரூம் எல்லாம் கம்பெனியே தருகிறதாம். ஞாயிற்றுக்கிழமை ஃப்ளைட் 🙏

முருகேசன் பெரியப்பா: ரொம்ப சந்தோஷம்மா. வாழ்த்துகள் கார்த்திக் 💐

ரேவதி: வாழ்த்துகள் அத்தை. ஒர்க் பெர்மிட் வந்துவிட்டதா?

செல்வி அத்தை: இப்போது டூரிஸ்டாகத்தான் போகிறான். அங்கே போனதும் மாற்றித் தருவார்களாம். ஏர்போர்ட்டில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லச் சொன்னார் ஏஜென்ட்.

ரேவதி: அத்தை, தப்பாக நினைக்காதீர்கள். அதிகாரியிடம் பொய் சொல்லச் சொல்லும் வேலைக்கு அவனை அனுப்பவே கூடாது. தம்பி, இன்டர்வியூ எப்படி நடந்தது?

கார்த்திக்: டெலிகிராமில்தான் அக்கா, பத்து நிமிடம். டைப்பிங் வேகம் பார்த்தார்கள், இங்கிலீஷில் சாட் பண்ணச் சொன்னார்கள். அவ்வளவுதான்.

ரேவதி: அதேதான்டா. 2022-இல் நம் தமிழ்நாட்டுப் பையன்கள் இப்படித்தான் மாட்டினார்கள். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, தாய்லாந்தின் எல்லை ஊரான மே சோட் வரைக்கும் கொண்டுபோய், மோயி ஆற்றைக் கடக்க வைத்துவிடுவார்கள். அக்கரை மியான்மர், மியாவாடி என்ற ஊர். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு, பெண் பெயரில் போலிக் கணக்கு தொடங்கி, முன்பின் தெரியாதவர்களிடம் பேசிப் பணம் பறிக்கச் சொல்வார்கள். மாட்டேன் என்றால் அடி, கரண்ட் ஷாக். வெளியே விடச் சொன்னால் லட்சக்கணக்கில் பணம் கேட்பார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது.

முருகேசன் பெரியப்பா: படித்த பையன், அவனே விரும்பித்தானே போகிறான். இதைப் போய் ஆள் கடத்தல் என்று சொல்ல முடியுமா?

ரேவதி: சொல்லலாம் பெரியப்பா. பொய் வேலை காட்டிக் கூட்டிப்போய்ச் சுரண்டினால் அதுவும் கடத்தல்தான். ஐபிசிக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 143-ஆம் பிரிவில், சிக்கியவரின் சம்மதம் கணக்கிலேயே வராது. கடத்தல் என்றால் வாயில் துணி அடைத்துத் தூக்கிப்போவது என்றே நாம் நினைத்துக்கொண்டிருப்பதுதான் இவர்களுக்கு வசதி.

செல்வி அத்தை: ஒன்றரை லட்சம் பேசி, வளையலை அடகு வைத்து 70,000 கட்டிவிட்டேனே ரேவதி 😢

ரேவதி: அத்தை, பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். அதற்கு மேல் கேட்டதே சந்தேகம். கட்டிய ரசீது, சாட் எதையும் அழிக்காதீர்கள், போலீசில் புகார் கொடுக்க வேண்டும். அயலகத் தமிழர் நலத்துறையிலும் சொல்லலாம். தம்பி, அந்த ஏஜென்டிடம் அவருடைய லைசென்ஸ் நம்பரைக் கேள். வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் போட்டுப் பார்த்துவிடுவோம்.

கார்த்திக்: கேட்டேன் அக்கா. "நம்பிக்கை இல்லையென்றால் விடு, உன் இடத்துக்கு ஆள் இருக்கிறது" என்றார். இப்போது என்னை பிளாக் செய்துவிட்டார்.

செல்வி அத்தை: போகட்டும். நீ போக வேண்டாம்டா.

கார்த்திக்: என் காலேஜ் பையன்கள் இரண்டு பேரும் அதே ஃப்ளைட்டில் போகிறார்கள் அக்கா.

ரேவதி: அவர்கள் அம்மா அப்பா நம்பரை எனக்கு அனுப்பு. இப்போதே பேசுகிறேன்.