செறிபட்டை: நாளத்துக்குள் தாது திரண்ட பகுதிக்கு ஒரு சொல்

மடல் 1

அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டிமனி தாங்கிய குவார்ட்ஸ் நாளங்களுக்கான (பாறைப் பிளவில் கனிமம் நிறைந்து தகடுபோல் கிடக்கும் பகுதிகளுக்கான) சொற்பட்டியலில் ‘ஓர் ஷூட்’ (ore shoot) என்பதற்குத் ‘தாதுக்குருத்து’ என்று இருக்கிறது. இதை மாற்றியாக வேண்டும். குருத்து கீழிருந்து மேலே முளைப்பது. பாறைக்குள் அப்படி எதுவும் முளைக்கவில்லை.

நடப்பது இதுதான். பாறைப் பிளவில் முதலில் குவார்ட்ஸ் நிறைகிறது. பின்னர் அதே பிளவு மறுபடி அசையும்போது குவார்ட்ஸே உடைந்து இடைவெளி விடுகிறது. நாளம் வளையும் இடத்தில் ஒரு பக்கம் நகர்ந்தால் வாய் திறக்கும். இரண்டு பிளவுகள் வெட்டிக்கொள்ளும் கோட்டிலும் அப்படித்தான். ஆண்டிமனியைக் கரைத்து வரும் வெந்நீர் அந்த இடைவெளிகளில் ஏறிக் குளிர்கிறது. வெப்பம் இறங்க இறங்க அதில் ஆண்டிமனியின் கரைதிறனும் இறங்குவதால் அதன் தாதுவான ஸ்டிப்னைட் அங்கே படிகிறது. ஆகவே முந்நூறு மீட்டர் ஓடும் நாளத்தில் பெரும்பகுதி வெறும் வெள்ளைக் கல்லாகவும், நாற்பது மீட்டர் மட்டும் தாதுவாகவும் இருப்பது இயல்பு. அந்த நாற்பது மீட்டரும் நேர்கீழே இறங்குவதில்லை. சாய்த்து வைத்த பலகையின் மேல் குறுக்காக ஒட்டிய நாடா போல ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொண்டே இறங்கும்.

சொல் இந்த வடிவத்தைச் சொல்ல வேண்டும். தோல்வார், இடைவார் என்பதிலுள்ள ‘வார்’ நீண்ட, தட்டையான துண்டு. ‘செறிவார்’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 2

> ‘செறிவார்’ என்று முன்மொழிகிறேன்.

பொருள் பொருந்துகிறது, வடிவம் பொருந்தவில்லை ஐயா. அறிவார், தெளிவார் என்பவற்றோடு சேர்த்து வினைமுற்றாகவே இதைப் படிப்பார்கள். பன்மையில் ‘செறிவார்கள்’ என்று எழுதினால் கேட்கவே வேண்டாம்.

அதே உருவத்தைப் ‘பட்டை’ சொல்லிவிடும்: ‘செறிபட்டை’. இது வினைத்தொகை என்பதால் இடையில் ஒற்று மிகாது. ‘செறிப்பட்டை’ என்று எழுதிவிடாதபடி பட்டியலிலேயே குறிக்க வேண்டும்.

மடல் 3

செறிபட்டையை ஏற்கிறேன். ஒரு நிபந்தனை: நாளத்துக்குள் அடுக்கடுக்காகத் தெரியும் கோடுகளையும் சிலர் ‘பட்டை’ என்கிறார்கள். அவற்றை ‘வரி’ என்று பிரித்துவிட்டால் குழப்பம் வராது. வரிக்குவார்ட்ஸ் ஒன்று, செறிபட்டை வேறொன்று.

சொல்லோடு ஒரு கோணத்துக்கும் பெயர் வைத்தாக வேண்டும், ஏனென்றால் துளைப்புப் பணம் வீணாவது அங்கேதான். நாளத்தின் சரிவு, அதாவது அதன் தளம் கிடைத்தளத்தோடு செய்யும் கோணம், 60 பாகை என்று கொள்வோம். நாளத்தின் தளத்திலேயே, கிடைக்கோட்டிலிருந்து அளந்தால் செறிபட்டை 45 பாகையில் இறங்குகிறது. இதைப் ‘பட்டைக்கோணம்’ எனலாம். சரிவு, சாய்வு இரண்டையும் இங்கே இழுத்தால் எது எதுவென்று தெரியாமல் போகும். அதே பட்டை உண்மைக் கிடைத்தளத்தோடு செய்யும் கோணம், அதாவது ‘அமிழ்கோணம்’, சைன் 45 பெருக்கல் சைன் 60 என்ற கணக்கில் ஏறத்தாழ 38 பாகை. நாளத்தைச் செங்குத்துத் தாளில் நீளவாட்டில் வரைந்தால் கண்ணில் படுவதோ 41 பாகை. மூன்றும் ஒரே பட்டைக்கு உரியவை. தாளில் அளந்த 41 பாகையைப் பட்டைக்கோணம் என்று எழுதிவிடுவது அடிக்கடி நேரும் தவறு.

இதன் விளைவைப் பாருங்கள். பட்டை வழியே 200 மீட்டர் போனால் ஆழம் 122 மீட்டர். நாளத்தின் போக்கில் பக்கவாட்டு நகர்வு 141 மீட்டர். மேலே தாது தெரிந்த இடத்துக்கு நேர் எதிரே துளைக்கருவியை நிறுத்தி அந்த ஆழத்தில் நாளத்தை வெட்டினால் கிடைப்பது வெறும் குவார்ட்ஸ். நாளம் கிடைத்தும் தாது இல்லை என்று பணியை மூடிவிடுவார்கள். குருத்து என்ற சொல் இந்தத் தவற்றைத்தான் மனத்தில் விதைக்கிறது.

பட்டையின் எல்லை வரைய, துளை நாளத்தை வெட்டும் ஒவ்வோர் இடத்துக்கும் உண்மைத் தடிமனைத் தரத்தால் (ஆண்டிமனியின் விழுக்காட்டால்) பெருக்கி நாளத் தளத்தில் குறித்து, சம மதிப்புகளை இணைக்க வேண்டும். துளை நாளத்தை 30 பாகையில் வெட்டினால் உள்ளகத்தில் (துளையிலிருந்து எடுக்கும் உருளைப் பாறைத்துண்டில்) 2 மீட்டராகத் தெரிவது உண்மையில் 1 மீட்டர்தான். 0.3 மீட்டரை 20 விழுக்காட்டாலும், 1.5 மீட்டரை 4 விழுக்காட்டாலும் பெருக்கினால் இரண்டிலும் 6 தான். ஆனால் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் முதலாவதில் பக்கப்பாறை கலந்து தரம் சுமார் 5 ஆகிவிடும். ஆகவே தடிமனையும் தனியாக எழுதி வையுங்கள். ஆஸ்திரேலியாவின் காஸ்டர்ஃபீல்டு போன்ற மெல்லிய நாளச் சுரங்கங்களில் இந்தக் கணக்கு இல்லாமல் எதுவும் நகராது.

அடர்த்தியை மறந்தாலும் எண்கள் பொய்க்கும். குவார்ட்ஸ் 2.65, ஸ்டிப்னைட் 4.63. கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு ஸ்டிப்னைட் இருந்தால் கலவை ஏறத்தாழ 3.05. அதன் எடையில் ஆண்டிமனி மட்டும் 22 விழுக்காட்டுக்கு அருகில் வரும்.

இன்னொன்று, பட்டை இருந்தும் இல்லாததுபோலத் தோன்றும் நிலை. ஸ்டிப்னைட்டின் கடினம் 2, குவார்ட்ஸ் 7. துளைப்பு நீரில் மென்மையானது அரைபட்டுக் கழுவிப்போக, பெட்டியில் வெள்ளைக் கல் மட்டும் மிஞ்சும். நாளம் நெருங்கும்போது உள்ளகத்தைக் காக்கும் மூவடுக்குக் குழாய், ஒரு தடவைக்கு ஒன்றரை மீட்டருக்கு மேற்படாத துளைப்பு ஓட்டம், குறைந்த நீரழுத்தம் வேண்டும். உள்ளக மீட்பு (துளைத்த நீளத்தில் கையில் கிடைத்த பங்கு) குறைந்த வெட்டுகளைப் பட்டையின் எல்லையாக எடுக்கக் கூடாது. பகுப்பாய்விலும் இழப்பு உண்டு: அமிலத்தில் கரைந்த ஆண்டிமனி, நீர்க்கும்போது வெண்படிவாக வெளியேறிவிடும். டார்டாரிக் அமிலம் சேர்த்தால் கரைசலில் நிற்கும். தரம் மிகுந்த மாதிரிகளை உருக்கி எக்ஸ் கதிர் ஒளிர்வில் அளப்பது நம்பகமானது.

மடல் 4

மிக்க நன்றி. ஸ்டிப்னைட்டுக்குப் பலருக்கும் பிடித்த பெயரான ‘அஞ்சனக்கல்’ பற்றியும் ஒரு சொல். இலக்கியத்திலும் மருத்துவத்திலும் அது அழகாக இருக்கட்டும். கண்மைப் பொடிகள் பலவற்றில் இருப்பது ஈயத் தாதுவான காலீனா என்பதால், துளைப் பதிவேட்டில் ‘ஸ்டிப்னைட்’ என்றே எழுதுவோம்.

பட்டியலுக்கான வரையறை:

செறிபட்டை: நாளத்தின் தளத்துக்குள், வெட்டியெடுக்கத் தக்க அளவு தாது திரண்டு, ஒரு திசையில் நீண்டு கிடக்கும் பகுதி. பன்மை: செறிபட்டைகள். ஒற்று மிகாது.

பட்டைக்கோணம்: நாளத் தளத்தில், கிடைக்கோட்டிலிருந்து செறிபட்டையின் நீள் அச்சுவரை அளந்த கோணம். எந்தத் திசை நோக்கி இறங்குகிறது என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்: ‘45 பாகை, வடக்கு’.

தங்கமும் ஆண்டிமனியும் ஒரே நாளத்தில் இருக்கும்போது இரண்டின் பட்டைகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் என்ற உறுதி இல்லை, ஏனெனில் ஸ்டிப்னைட் பெரும்பாலும் பின்னால் வந்து படிகிறது. எனவே தனிமத்தின் பெயரை முன்னால் சேர்த்து ‘ஆண்டிமனிச் செறிபட்டை’, ‘தங்கச் செறிபட்டை’ என்று எழுதலாம். இங்கே மட்டும் ச் மிகும்.