1000 வாட் காயில் ஓவன்: 180-ல் நிற்க மாட்டேன் என்கிறது, 221 வரை ஏறுகிறது

பட்டறை77:
பவுடர் கோட்டிங்குக்குச் சின்ன ஓவன் ஒன்று கட்டியிருக்கிறேன். இரும்புப் பெட்டி, 2 இஞ்ச் கிளாஸ் உல், 230 வோல்ட் 1000 வாட் நிக்ரோம் காயில். கண்ட்ரோலுக்கு ஆர்டுயினோ ஊனோ, கே டைப் தெர்மோகப்புள் (வெப்பத்துக்கேற்ப சிறு வோல்டேஜ் தரும் சென்சார்), அதைப் படிக்கும் மேக்ஸ்6675 போர்டு, காயிலை ஆன், ஆஃப் செய்ய 40 ஆம்பியர் எஸ்எஸ்ஆர் (சாலிட் ஸ்டேட் ரிலே, அசையும் பாகமில்லாத எலக்ட்ரானிக் ஸ்விட்ச்). பிஐடி லைப்ரரி (வைத்த வெப்பத்துக்கும் இருப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துப் பவரைக் கணக்கிடும் நிரல்) தரும் வெளியீடு 9-ஆம் பின்னில் அனலாக்ரைட் (வேகமாக ஆன், ஆஃப் ஆகும் பல்ஸ்) வழியாக எஸ்எஸ்ஆருக்குப் போகிறது. அதன் மூன்று எண்கள்: கேபி (இப்போதைய வித்தியாசத்துக்கு) 2, கேஐ (சேர்ந்துகொண்டே வரும் வித்தியாசத்துக்கு) 5, கேடி (மாறும் வேகத்துக்கு) 1.

180 வைத்தால் 221 போய், 160-க்கு இறங்கி, மறுபடி ஏறுகிறது. காயில் ஆன் ஆகும்போதெல்லாம் ரீடிங் 6, 7 டிகிரி குதிக்கிறது. வெள்ளை பவுடர் மஞ்சளடிக்கிறது. எங்கே தப்பு?

ஓம்விதி:
சார், பிஐடி எண்களைத் தொடுவதற்கு முன் அனலாக்ரைட்டை எடுத்துவிடுங்கள். இது போன்ற எஸ்எஸ்ஆர் பெரும்பாலும் ஜீரோ கிராசிங்கில் (ஏசி வோல்டேஜ் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில்) மட்டுமே ஆன் ஆகும். நம் 50 ஹெர்ட்ஸ் லைனில் அது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு முறைதான் வரும். 9-ஆம் பின் பல்ஸோ 490 ஹெர்ட்ஸ், அதாவது 2 மில்லிசெகண்டுக்கு ஒன்று. ஜீரோ வரும் நேரத்தில் பல்ஸ் எதேச்சையாக ஹையில் இருந்தால் அந்த அரைச் சுற்று முழுதும் காயிலுக்குப் போய்விடும். நீங்கள் கேட்ட பவர் ஒன்று, காயிலுக்குப் போகும் பவர் வேறு.

அதற்குப் பதில் 2000 மில்லிசெகண்ட் ஜன்னல் (திரும்பத் திரும்ப வரும் ஒரு கால அளவு) வையுங்கள். அதில் 200 அரைச் சுற்று இருக்கிறது. பிஐடி வெளியீட்டு எல்லையை 0 முதல் 2000 என்று அமைத்து, அத்தனை மில்லிசெகண்ட் ஆன், மீதி ஆஃப். டிஜிட்டல்ரைட் போதும்.

மேக்ஸ்6675 ஒரு ரீடிங் எடுக்க 0.22 செகண்ட் வரை ஆகும். அதற்குள் மறுபடி கேட்டால் நடக்கும் அளவீடு கலைந்துவிடும். 500 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை படியுங்கள்.

ரீடிங் குதிப்பது வேறு கதை. கே டைப் ஒரு டிகிரிக்குத் தருவது சுமார் 41 மைக்ரோவோல்ட்தான். மெயின் வயரோடு ஒட்டி ஓடினால் கெடாமல் என்ன செய்யும்? மெயினைப் பிடுங்கி, தெர்மோகப்புளையும் போர்டிலிருந்து கழற்றி, அதன் ஒயருக்கும் ஸ்டீல் உறைக்கும் நடுவே மல்டிமீட்டரை பஸ்ஸரில் வையுங்கள். பீப் அடித்தால் முனை உறையோடு ஒட்டியது. எர்த் செய்த பெட்டியில் அதை முடுக்கினால் எர்த் வழியாக இரைச்சல் போர்டுக்குள் வரும். இந்தச் சிப்புக்கு உறையிலிருந்து தனித்த முனைதான் வேண்டும். போர்டின் சப்ளை, கிரவுண்ட் பின்களுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போடுங்கள். நீளம் பத்தாவிட்டால் செம்பு ஒயர் ஒட்டாதீர்கள், கே டைப் காம்பென்சேட்டிங் கேபிளே போட வேண்டும்.

கேபி 2, கேஐ 5, கேடி 1 என்பது லைப்ரரி உதாரணத்தில் இருக்கும் எண்கள். ஓவனுக்கு அந்தக் கேஐ மிக அதிகம். 5 டிகிரி குறைந்தாலே வெளியீடு செகண்டுக்கு 25 ஏறி, 10 செகண்டில் அனலாக்ரைட்டின் உச்சமான 255-ஐத் தொட்டுவிடும். ஓவன் அதற்குள் அசைந்தே இருக்காது.

மேற்சொன்னதை முடித்துவிட்டு, பிஐடி இல்லாமல் 30 சதவீத பவர் (600 மில்லிசெகண்ட் ஆன்) கொடுத்து, வெப்பம் ஏறுவது நிற்கும் வரை 10 செகண்டுக்கு ஒரு ரீடிங் குறித்துப் போடுங்கள்.

பட்டறை77:
முனை உறையோடு ஒட்டித்தான் இருந்தது. மாற்றினேன், குதிப்பு நின்றது. 30 சதவீதத்தில்: தொடக்கம் 30 டிகிரி, முதல் 40 செகண்ட் அசைவே இல்லை, கடைசியில் 210-ல் நின்றது. 640-ஆவது செகண்டில் 144.

ஓம்விதி:
அருமை, கணக்கு சுத்தமாக வருகிறது. மொத்த ஏற்றம் 180 டிகிரி. 30-ஆல் வகுத்தால் ஒரு சதவீதத்துக்கு 6 டிகிரி. தாமதம் 40 செகண்ட். ஏற்றத்தில் 63 சதவீதம் 144 டிகிரியில் வருகிறது. 640-இல் தாமதம் 40 போக, டைம் கான்ஸ்டன்ட் (அந்த 63 சதவீதத்தை எட்ட ஆகும் நேரம்) 600 செகண்ட்.

ஓவன் 180-ஐ எட்டும் வேகத்துக்கு, தாமதத்தைப் போல மூன்று மடங்கு, 120 செகண்ட், என்று நிதானமாக எடுத்துக்கொள்வோம். அதோடு தாமதம் 40-ஐக் கூட்டினால் 160. கேபி = 600 ÷ (6 × 160) = 0.625. அதை 600-ஆல் வகுத்தால் கேஐ 0.00104. உங்கள் வெளியீடு 2000 வரை என்பதால் இரண்டையும் 20-ஆல் பெருக்குங்கள்: கேபி 12.5, கேஐ 0.0208. கேடி 0. ரீடிங் 0.25 டிகிரிப் படியாக வருவதால் கேடி போட்டால் ஒவ்வொரு படியிலும் வெளியீடு துள்ளும்.

ஓவனில் குளிரவைக்கும் கை கிடையாது; தாண்டினால் தானாக ஆறும்வரை காத்திருப்பதுதான். அதனால் வேகத்தை விடத் தாண்டாமல் இருப்பதே முக்கியம்.

பட்டறை77:
183 வரை போய் 180-ல் உட்கார்ந்துவிட்டது. ரொம்ப நன்றி சார்.

வயர்மேன்:
ஒன்றைக் கவனித்தீர்களா? சதவீதத்துக்கு 6 டிகிரி என்றால், 100 சதவீதம் ஓடினால் இந்தப் பெட்டி 200-ல் நிற்காது, அதைப் போல இரண்டு மடங்கையும் தாண்டும். எஸ்எஸ்ஆர் செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் சாகும். அப்போது ஆர்டுயினோ எத்தனை முறை ஆஃப் சொன்னாலும் காயில் எரிந்துகொண்டே இருக்கும்.

காயிலுக்கு முன் 240 டிகிரி, 10 ஆம்பியர் தெர்மல் ஃபியூஸ் ஒன்றைப் பெட்டியின் உள்சுவரில், காயிலின் நேர்ச்சூடு படாத இடத்தில், சீரிஸில் போடுங்கள். இணைப்பு கிரிம்ப் மட்டும். பற்றவைத்தால் அந்தச் சூட்டிலேயே ஃபியூஸ் போய்விடும். அதோடு மேனுவல் ரீசெட் உள்ள கேப்பிலரி தெர்மோஸ்டாட் 220-ல். தானாக ரீசெட் ஆகும் வகை பழுதை மறைத்துவிடும்.

கோடில்: தெர்மோகப்புள் அறுந்தால் மேக்ஸ்6675 லைப்ரரி எண்ணில்லாத மதிப்பைத் (NaN) தரும், அதைக் கண்டதும் வெளியீடு 0. முழுப் பவரில் 3 நிமிடம் ஓடியும் 10 டிகிரி ஏறவில்லை என்றால் ஆஃப். முனை கழன்று வெளியே கிடக்கும்போது காப்பாற்றுவது இதுதான்.

எஸ்எஸ்ஆர் ஃபேஸில் இருக்கட்டும், நியூட்ரலில் வேண்டாம். ஆஃபில் இருந்தாலும் சில மில்லிஆம்பியர் கசியும், காயிலைத் தொடும் முன் டபுள் போல் எம்சிபியை (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்குங்கள். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்), பெட்டிக்கு எர்த் கட்டாயம். 4.35 ஆம்பியருக்கு எஸ்எஸ்ஆரில் 5, 6 வாட் சூடாகும். ஹீட் சிங்கில் பேஸ்ட் தடவி முடுக்குங்கள்.

பட்டறை77:
நியூட்ரலில்தான் போட்டிருந்தேன். இன்றே மாற்றிவிட்டு, தெர்மல் ஃபியூஸ் வந்த பிறகுதான் மறுபடி ஆன் செய்கிறேன்.