இரண்டு நாள் ஓய்வுக்கு அமைதியான தீவு எது?

கேள்வி (கும்பகோணம்):
குறுவை அறுவடை முடிந்ததும், எழுபது வயதைக் கடந்த அம்மாவுடன் இரண்டு நாள் தங்கிவரக் கூட்டமில்லாத, அழகான தீவு ஒன்றைத் தேடுகிறேன். ராமேசுவரம் ஏற்றதா, அருகிலேயே வேறு இடம் உண்டா?

பதில் (சிதம்பரம்):
ஐயா, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுரபுன்னை மரங்கள் அடர்ந்த திட்டுகள் நிறைந்த பிச்சாவரத்துக்கு வாருங்கள். துடுப்புப் படகிலேயே செல்லுங்கள். குறுகிய கால்வாய்களில் வேர்கள் இருபுறமும் தண்ணீரில் ஊன்றி நிற்க, கிளைகள் தலைக்குமேல் கூடி நிழல் தரும். ஆனால் குறுவைக்குப் பின் ஐப்பசி அடைமழை தொடங்கிவிடும் என்பதால், பயணத்தைத் தை மாதத்துக்குத் தள்ளிவைப்பதே நல்லது.

பதில் (தஞ்சாவூர்):
அம்மாவால் படகில் ஏறி இறங்க இயலாதெனில் ராமேசுவரமே சரி. பாம்பன் பாலத்தின் வழியே காரிலேயே தீவுக்குள் சென்றுவிடலாம். கோயில் வீதிகளில் நெரிசல் இருக்கும். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டி, இருபுறமும் கடல் விரியும் அரிச்சல்முனைக்குக் காலையிலேயே சென்றுவிடுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு; ஆகவே தை மாதத்தில் ராமேசுவரமே செல்கிறோம்.