டோபமைன் விரதம்

பெரியப்பா: காலை வணக்கம் 🙏 "டோபமைன் விரதம்! ஒரு நாள் செல்போன், இனிப்பு, காபி தொடாதீர்கள். மூளையில் டோபமைன் காலியாகி மனம் தூய்மையாகும்." பத்துப் பேருக்கு அனுப்பவும்.

சித்தி: காபியுமா? நான் இந்த ஆட்டத்துக்கு வரவில்லை.

நித்யா அக்கா: பெரியப்பா, டோபமைன் என்பது மூளைச் செல்கள் செய்தி பரிமாறும் ரசாயனம். ஒரு நாள் விரதத்தில் அது காலியாகாது. காலியானால் என்ன ஆகும் என்று எங்கள் ஆய்வக எலிகளைக் கேளுங்கள் 😀 1995-இல் அமெரிக்காவின் சியாட்டிலில் பால்மிட்டர் என்ற விஞ்ஞானியின் குழு டோபமைனே உண்டாகாத சுண்டெலிகளை உருவாக்கியது. பக்கத்திலேயே தீனியும் தண்ணீரும் இருக்கும், போய் எடுக்காது. அப்படியே விட்டால் சில வாரங்களில் செத்துவிடும்.

சித்தி: ஐயோ பாவம். பசிக்காதா?

நித்யா அக்கா: எழுந்து போகிற உந்துதல் வராது, சித்தி. உடலுக்குள் டோபமைனாக மாறும் எல்-டோபா மருந்தை ஊசி போட்டால் எழுந்து ஓடித் தின்னும். மருந்து இறங்கியதும் பழையபடி ஒடுங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவற்றுக்கும் வெறும் தண்ணீரைவிடச் சர்க்கரைத் தண்ணீர்தான் பிடிக்கும். ருசி தெரிகிறது. தேடிப் போகத்தான் டோபமைன் வேண்டும்.

சித்தப்பா: எல்-டோபா, தாத்தாவுக்கு நடுக்கத்துக்குக் கொடுத்த மாத்திரைதானே?

நித்யா அக்கா: அதேதான்.

கார்த்தி: சரி அக்கா, காபி குடித்தால் சுறுசுறுப்பு வருகிறதே, அதுவும் டோபமைனா?

நித்யா அக்கா: கொஞ்சம் சுற்றுவழி. டோபமைன் செல்லின் வாசலில் ஏற்பியைத் தட்டுவதோடு சரி. உள்ளே செய்தியைக் கொண்டுபோக டார்ப்-32 என்றொரு புரதம் இருக்கிறது. அந்தப் புரதச் சங்கிலியின் 34-ஆம் இடத்தில் பாஸ்பேட் என்ற சிறு வேதித் துணுக்கு ஒட்டினால், மற்ற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டை உரிக்கிற நொதியை அது தடுத்துவிடும். அதனால் செய்தி சட்டென்று அணையாது. 75-ஆம் இடத்தில் ஒட்டினால், 34-இல் பாஸ்பேட்டை ஒட்டுகிற நொதியையே அடக்கும். ஒரே புரதம், இரண்டு வேலை!

காபியில் உள்ள கஃபீன் அந்த 75-இல்தான் பாஸ்பேட் ஒட்டுவதைக் கூட்டுகிறது. காபி ஏறிய எலி கூண்டுக்குள் ஓயாமல் ஓடும். இந்தப் புரதமே இல்லாத எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், 2002-இல். அவ்வளவாக ஓடவில்லை.

பெரியப்பா: யாரம்மா இதையெல்லாம் கண்டுபிடித்தது?

நித்யா அக்கா: டார்ப்-32 அமெரிக்க விஞ்ஞானி பால் கிரீன்கார்டின் ஆய்வகத்தில் கண்டது, பெரியப்பா. 2000-இல் நோபல் வாங்கினார். தன் பங்குப் பணத்தைப் பெண் விஞ்ஞானிகளுக்கான விருதுக்குக் கொடுத்தார். அவரைப் பெற்றபோதே இறந்துபோன அம்மாவின் பெயரில்.

சித்தி: கேட்கவே என்னவோ செய்கிறது.

கார்த்தி: பெரியப்பா, விரதம் உண்டா இல்லையா?

பெரியம்மா: இப்போதுதான் இரண்டாவது டம்ளர் கேட்டுவிட்டுப் போகிறார்.