மறுமொழி: ரெஸ்டோர் என்பது ‘மீட்டமை’ ஆகுமா?

வணக்கம் நண்பர்களே. பேக்அப் (கணினிக் கோப்புகளை நகலெடுத்து வைப்பது), ரெஸ்டோர் (அந்த நகலிலிருந்து அவற்றைத் திரும்பக் கொண்டுவருவது) ஆகியவற்றுக்குத் தமிழ்ச் சொல் தேடும் உரையாடல் இழைக்கு இது என் மறுமொழி.

> பேக்அப் – காப்புப்படி, ரெஸ்டோர் – மீட்டமை. இத்துடன் இழையை முடித்துக்கொள்ளலாமே?

முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காப்புப்படி நிலைத்துவிட்ட சொல். வினைக்குக் ‘காப்பெடு’ போதும். தகராறு இரண்டாவதில்தான். ரீசெட்டுக்கும் ‘மீட்டமை’ என்றே பல செயலிகளில் எழுதி வைத்திருக்கிறோம். ரெஸ்டோர், காப்பெடுத்து வைத்த காந்த நாடாவில் இருப்பதைத் திரும்பக் கொண்டுவருகிறது. ரீசெட்டோ கையில் இருப்பதையும் துடைத்துவிடுகிறது. கோப்பைத் தொலைத்துவிட்டுப் பதறி நிற்பவரிடம் இரண்டுக்கும் ஒரே சொல்லை நீட்டுவது பாவம்.

‘மீட்டெடு’ பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ரெஸ்டோர் கட்டளை எடுப்பதோடு நிற்பதில்லை. ஊடாடும் முறையில் (கேட்டுக் கேட்டு வேலை செய்யும் முறை), வேண்டிய கோப்புகளைக் குறித்துவிட்டு ‘எக்ஸ்ட்ராக்ட்’ என்று தட்டினால், எத்தனையாவது நாடா என்று கேட்கும். கோப்புகளை இறக்கி முடித்ததும், அடைவின் (டைரக்டரி) உரிமையாளரையும் அனுமதிகளையும் பழையபடி அமைக்கட்டுமா என்று இன்னொரு கேள்வி வரும். எடுத்ததை, இருந்தது இருந்தபடி வைப்பதுதான் அதன் வேலை. ஆகவே என் பரிந்துரை ‘மீட்டுவை’, பெயர்ச்சொல்லாக ‘மீட்டுவைப்பு’. எக்ஸ்ட்ராக்டுக்குப் ‘பிரித்தெடு’ இருக்கட்டும்.

> இன்கிரிமெண்டல் பேக்அப் – வளர்காப்பு?

ஐயா, ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். காதில் வளைகாப்புதான் விழுகிறது! தவிர, அங்கே எதுவும் வளர்வதில்லை. காப்பெடுக்கும் யூனிக்ஸ் கட்டளையான டம்ப்பில், லெவல் எண் 0 என்றால் கோப்பு முறைமை முழுவதும் நாடாவுக்குப் போகும். 1 முதல் 9 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும், அதைவிடச் சிறிய எண்ணில் கடைசியாக எடுத்த காப்புக்குப் பிறகு மாறியவை மட்டுமே போகும். ஞாயிறு 0, திங்கள் 3, செவ்வாய் 2 என்று எடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் நாடாவில் ஞாயிறுக்குப் பின் மாறியவை எல்லாம் இருக்கும். புதன்கிழமை வட்டு பழுதானால் ஞாயிறு நாடாவை முதலில், செவ்வாய் நாடாவை அடுத்து மீட்டுவைத்தால் போதும். திங்கள் நாடாவைத் தொடவே வேண்டாம். இதற்கு ‘மாற்றக் காப்பு’ பொருந்தும் என்று நினைக்கிறேன்.

அந்த எண் குறிக்கும் லெவலுக்குத்தான் விழி பிதுங்குகிறது. ‘படி’ ஆகாது: ‘காப்புப்படியின் 2ஆம் படி’ என்றால் நகலா, நிலையா? ‘அடுக்கு’ ஏற்கெனவே ஸ்டாக் என்ற தரவுக் கட்டமைப்புக்குப் போய்விட்டது. ‘மட்டம்’ என்று எழுதியும் பார்த்தேன். ‘மட்டமான காப்பு’ என்று யாராவது கேலி செய்வதற்குள், வேறு சொல் இருந்தால் தாருங்கள்.