வழிவிட ஒதுங்கியவன் மீதும் தவறா? நீண்டநேரக் கார் பந்தயத்தில் முந்துதலும் உரசலும்

மியாட்டாக்காரன் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். நண்பர்கள் மூவருடன் சேர்ந்து வாங்கிய பழைய 1.6 லிட்டர் மாஸ்டா மியாட்டா ஒன்றில் பாதுகாப்புக் கூண்டும் பந்தய இருக்கையும் பொருத்தி, ஓராண்டாக அமெச்சூர் நீண்டநேரப் பந்தயங்களில் ஓட்டி வருகிறோம். சென்ற மாதம் இங்கு நடந்த இரண்டு நாள் பந்தயத்தில் ஏறக்குறைய நூறு கார்கள் ஒரே தடத்தில் ஓடின. அவற்றுள் எங்களுடையது மெதுவான வண்டிகளில் ஒன்று. நேர்பாதையில் யார் வேண்டுமானாலும் எங்களைத் தாண்டிவிடுவார்கள்; வளைவுகளில் மட்டும் ஓரளவு ஈடுகொடுப்போம்.

சனிக்கிழமை பிற்பகல் நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது, நீண்ட நேர்பாதையின் முடிவில் வரும் இடது வளைவை நெருங்கினேன். கண்ணாடியில் பிஎம்டபிள்யூ ஒன்று தெரிந்தது. ஐந்து கார் நீளம் பின்னால் இருந்திருக்கும். வேகமான வண்டிக்கு வழிவிடுவதுதான் மரியாதை என்று நினைத்து, வழக்கத்தைவிடச் சற்று முன்னதாகவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, வெளிப்புறத்தில் இருக்கும் ரேசிங் லைனை (வளைவை வேகமாகக் கடக்க எல்லோரும் பிடிக்கும் வழக்கமான கோடு) அவருக்கே விட்டுக்கொடுத்து, இடப்பக்கமாக, அதாவது வளைவின் உட்புறமாக ஒதுங்கினேன். அவரோ அந்த உட்புறத்தில்தான் நுழைந்துகொண்டிருந்தார். அவருடைய வலது முன்முனை என் இடது பின்சக்கரத்தருகே இடித்தது. நான் சுழன்று மண்ணில் போய் நின்றேன். நல்லவேளையாக வேறு எவரும் வந்து மோதவில்லை.

என் மனத்தாங்கல் அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. இருவருக்குமே கறுப்புக் கொடி காட்டி உள்ளே அழைத்தார்கள். பின்னாலிருந்து இடித்தவர் அவர், வழிவிட்டவன் நான். அப்படியிருக்க இருவருக்கும் ஒரே தண்டனை எப்படிப் பொருந்தும்? முந்துபவர்தானே பொறுப்பு? மெதுவான வண்டியை ஓட்டுபவன் வேறு எப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழைய ஹெல்மெட்:

நண்பரே, முதலில் நீங்கள் காயமின்றித் திரும்பியதில் மகிழ்ச்சி. ஒன்பது ஆண்டுகளாக இத்தகைய பந்தயங்களில் ஓட்டுபவன் என்ற முறையில், உங்களுக்குக் கசப்பாக இருக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களை இடிபட வைத்தது நீங்கள் காட்டிய அந்த மரியாதைதான்.

விதியைப் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்காவின் பழைய கழகப் பந்தய அமைப்பான எஸ்சிசிஏவின் விதிப்புத்தகம் இதில் தெளிவாக இருக்கிறது. முந்தலாம் என்று முடிவெடுப்பதும் அதைப் பாதுகாப்பாக நிறைவேற்றுவதும் முந்துபவரின் பொறுப்பு. அந்த வரியோடு நீங்கள் நிறுத்திக்கொண்டீர்கள். அடுத்த வரி, தான் முந்தப்படுகிறோம் என்பதை அறிந்திருப்பதும் முந்துபவருக்கு இடையூறு செய்யாதிருப்பதும் முந்தப்படுபவரின் பொறுப்பு என்கிறது. திடீரென்று திசை மாறி, முந்த முயலும் வண்டியின் பாதையைக் கெடுப்பதை, அவருக்குரிய இடத்தைப் பறிப்பதாகவே கருதலாம் என்றும் அதே பகுதியில் இருக்கிறது. நீங்கள் நல்லெண்ணத்தோடு மாறினீர்களா கெட்ட எண்ணத்தோடு மாறினீர்களா என்று பின்னால் வருபவரால் பார்க்க முடியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் உங்கள் வண்டியின் பின்பக்கம் மட்டுமே.

நீங்கள் எந்த அமைப்பின் பந்தயத்தில் ஓட்டினீர்கள் என்று எழுதவில்லை. எனக்குப் பழக்கமானது, ஜே லாம் என்பவர் 2006இல் தொடங்கிய 24 ஹவர்ஸ் ஆஃப் லெமன்ஸ். பாதுகாப்புக் கருவிகள் நீங்கலாக வண்டியின் விலை 500 டாலரைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையோடு தொடங்கிய பந்தயம் அது. (புது வண்டியின் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பது நம் வழக்கம், அமெரிக்கர்களுக்கோ உதவாத வண்டிதான் எலுமிச்சை.) அங்கே இடித்தாலும் இடிபட்டாலும் இருவருமே உள்ளே வந்து நடுவர்முன் நிற்க வேண்டும். இடிக்காமல் ஓட்டுவது எப்படி உங்கள் வேலையோ, அப்படியே இடிபடாமல் ஓட்டுவதும் உங்கள் வேலை என்பதுதான் அதன் அடிப்படை. முதன்முறை கேட்கும்போது அநியாயமாகத் தோன்றும். ஆனால், உண்மையை விசாரித்துத் தீர்ப்பளிக்க நாள்கணக்கில் நேரமில்லாத ஓரிடத்தில், ஓட்டுநர் ஒவ்வொருவரையும் தற்காப்போடு ஓட்ட வைப்பதற்கு இதைவிட எளிய வழியை நான் கண்டதில்லை.

இனி உங்கள் வளைவுக்கு வருவோம். அவர் உங்களைவிட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகமாக வந்தார் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் நெருங்குகிறார். ஐந்து கார் நீளம் என்பது இருபது மீட்டர் சொச்சம். ஆக, நீங்கள் கண்ணாடியைப் பார்த்த கணத்திலிருந்து அவர் உங்கள் பம்பரை அடைய இரண்டரை நொடிதான் இருந்தது. நீங்கள் முன்னதாகவே காலை எடுத்ததால் அந்த இரண்டரை நொடியும் மேலும் சுருங்கிவிட்டது. நீங்கள் வழக்கமான இடத்தில் பிரேக் பிடித்து, வழக்கமான கோட்டில் வெளிப்புறமாகவே போவீர்கள் என்று கணக்கிட்டு அவர் உட்புறத்தைத் தேர்ந்தெடுத்திருப்பார். அவருடைய கணக்கில் இருந்த இரண்டு எண்களையும் நீங்கள் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டீர்கள்.

மெதுவான வண்டியின் கடமை ஒதுங்குவது அன்று. தன் கோட்டிலேயே நிற்பது. எங்கே முந்துவது என்பதை வேகமானவர் பார்த்துக்கொள்வார். உதவி செய்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் நேர்பாதையில் செய்யுங்கள்: கோட்டைவிட்டு நகராமல் காலை மட்டும் சற்றுத் தளர்த்துங்கள். பிரேக் பிடிக்கும் பகுதி தொடங்கிய பிறகு எந்த உதவியும் வேண்டாம்.

எட்டு சிலிண்டர்:

பழைய ஹெல்மெட் அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் பிஎம்டபிள்யூக்காரரை இவ்வளவு எளிதில் விட்டுவிட எனக்கு மனமில்லை. நான் ஓட்டுவது ஐந்து லிட்டர் மஸ்டாங். பெரும்பாலும் முந்துபவன் நான்தான் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

ஐந்து கார் நீளம் பின்னாலிருந்து வளைவின் உட்புறத்தில் பாய்வதை முந்துதல் என்று சொல்ல முடியாது. முன்னால் இருப்பவர் திரும்பாமல் இருக்க வேண்டுமே என்ற பிரார்த்தனை அது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் சொன்ன அளவுகோல் இது: முன்னால் இருப்பவர் ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும் இடத்தில் உன் முன்சக்கரம் அவருடைய கதவை எட்டியிருக்க வேண்டும், எட்டவில்லை என்றால் அந்த வளைவு அவருடையது. கதவுக்கும் பின்பம்பருக்கும் இடைப்பட்ட பகுதிதான் மிக ஆபத்தானது. கழுத்தைக் காக்க ஹெல்மெட்டோடு பிணைக்கும் ஹான்ஸ் கருவியும் தலையை இருபுறமும் அணைக்கும் இருக்கையும் சன்னல் வலையும் கூண்டுக் குழாய்களும் சேர்ந்து, அங்கே நிற்கும் வண்டியை முன்னால் இருப்பவரின் பார்வையிலிருந்து முழுமையாக மறைத்துவிடும். மியாட்டாக்காரர் ஒதுங்கியிருக்காவிட்டாலும், வளைவின் உள்முனையை நோக்கி அவர் இயல்பாகத் திரும்பும்போது அதே இடி அரை நொடி தாமதமாக நிகழ்ந்திருக்கும் என்பது என் ஊகம்.

பொறுமையின் விலை எவ்வளவு என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. மூன்று மைல் தடத்தில் நூறு கார்கள் என்றால் சராசரியாக 48 மீட்டருக்கு ஒரு கார் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் நான் எண்பது முறையாவது முந்துகிறேன். ஒரு வளைவில் பின்னாலேயே இருந்து, வெளிவரும் நேர்பாதையில் தாண்டினால் எனக்கு இழப்பு ஒன்றரை நொடி. கறுப்புக் கொடி வாங்கி, உள்ளே சென்று, விளக்கம் சொல்லி, டயரில் உரசும் ஃபெண்டரை இழுத்து நிமிர்த்தி வெளியே வருவதற்குக் குறைந்தது பத்து நிமிடம், அதாவது அறுநூறு நொடி. நானூறு வளைவுகளில் பொறுத்திருந்தால்தான் ஒரே ஓர் இடியின் விலைக்கு ஈடாகும்.

பெரிய தொழில்முறை அணிகளுக்கும் இது பொருந்தும். பிரான்ஸில் நடக்கும் புகழ்பெற்ற லெமான் 24 மணி நேரப் பந்தயத்தில், 2011இல், ஆடி நிறுவனம் மூன்று கார்களை இறக்கியது. முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஆலன் மெக்நிஷ், மெதுவான வகுப்பைச் சேர்ந்த ஃபெராரி ஒன்றைத் தாண்டும்போது உரசி, தடுப்புச்சுவரில் மோதினார். இரவில் மைக் ராக்கன்ஃபெல்லருக்கும் வேறொரு ஃபெராரியோடு அதே கதி. இருவரும் உயிர் தப்பியது பெரிய காரியம். மிஞ்சிய ஒற்றைக் கார் 14 நொடிக்கும் குறைவான இடைவெளியில்தான் வென்றது. இரண்டு வண்டிகளும் போனது போட்டியாளரோடு மோதி அல்ல, மெதுவான வண்டிகளைத் தாண்டும்போது.

மியாட்டாக்காரன்:

இருவருக்கும் நன்றி. உங்கள் பதில்களைப் படித்துவிட்டுப் பின்பக்கக் கேமராவின் பதிவை நேற்றிரவு பொறுமையாக மீண்டும் பார்த்தேன். முதற்பதிவில் நான் எழுதியதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். நான் இடப்பக்கம் நகரத் தொடங்கும்போது அவர் ஐந்து கார் நீளம் பின்னால் இல்லை. ஒன்றரை அல்லது இரண்டு கார் நீளம்தான். கண்ணாடியைப் பார்த்ததற்கும் நகர்ந்ததற்கும் இடையில் நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன்; நகரும்போது மீண்டும் பார்க்கவே இல்லை.

அடுத்து ஒரு சந்தேகம். கையால் சைகை காட்டி, எந்தப் பக்கம் வர வேண்டும் என்று சொல்லிவிட்டால் இந்தக் குழப்பம் வராதல்லவா? பயிற்சி நாள்களில் அப்படித்தான் செய்கிறோம். கொடிமேடையில் நீலக் கொடி காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதிலும் எங்கள் அணிக்குள் ஆளுக்கொரு கருத்து இருக்கிறது.

கொடிமேடை:

ஐயா, நான் பந்தய ஓட்டுநன் அல்லன். ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் சில பருவங்கள் மார்ஷலாக, அதாவது தடத்தோரம் கொடி காட்டுபவனாக, நின்றவன். அங்கே பெரும்பாலும் குறுந்தூரப் பந்தயங்கள்தான். இருந்தாலும் கொடியைப் பற்றி ஒன்றிரண்டு சொல்ல முடியும்.

குழப்பத்துக்குக் காரணம், ஒரே நிறக் கொடிக்கு இரண்டு வழக்கங்கள் இருப்பதுதான். உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏவின் விதிகளின் வழிவந்த பந்தயங்களில், ஒரு சுற்று பின்தங்கிய வண்டிக்கு நீலக் கொடி காட்டினால், வாய்ப்புக் கிடைத்தவுடன் வழிவிட வேண்டும் என்பது பொருள். அமெரிக்கக் கழகப் பந்தயங்களில் காட்டப்படும் குறுக்குப் பட்டையிட்ட நீலக் கொடியோ, உங்களுக்குப் பின்னால் ஒருவர் நெருங்கியிருக்கிறார் என்ற தகவல் மட்டுமே. ‘ஒதுங்கு’ என்ற கட்டளையாக அதை எடுத்துக்கொண்டு திடீரென நகர்ந்தால் உங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். மேடையில் நிற்பவர் கொடியைத் தூக்கும் நேரத்தில், பின்னால் வருபவர் எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் முடிவெடுத்திருப்பார்.

இன்னொன்றையும் மேடையிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறேன். வேகமான வண்டி தாண்டியவுடன் ஓட்டுநர் நிம்மதியாகத் தன் கோட்டுக்குத் திரும்புவார். அதன் வாலைப் பிடித்தபடி வந்த இரண்டாவது வண்டி அவர் கண்ணில் பட்டிருக்காது. ஒன்று தாண்டினால் இன்னொன்று இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இது இன்னும் மோசம். இரண்டு வண்டிகளின் விளக்குகள் கண்ணாடியில் ஒரே வெளிச்சமாகக் கலந்துவிடும்.

ஜனவரி 2025இல் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அஜித்குமாரின் அணி தன் வகுப்பில் மூன்றாம் இடம் பெற்ற பிறகு, பல வகுப்பு வண்டிகள் ஒன்றாக ஓடும் பந்தயத்தை நம்மவர்கள் பலர் முதன்முறையாகக் கவனிக்கத் தொடங்கினார்கள். அந்தத் தொடரில் விபத்து நேர்ந்தால் ஊதாக் கொடி காட்டி, தடம் முழுவதும் எல்லோரையும் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்துகிறார்கள். அப்போது முந்தவே கூடாது. மஞ்சள் கொடியின்கீழ் எவ்வளவு குறைப்பது என்று ஓட்டுநரின் மனச்சாட்சியிடம் விடுவதைவிட இது நல்ல ஏற்பாடு என்பது மார்ஷலாக நின்றவனின் சொந்தக் கருத்து.

பழைய ஹெல்மெட்:

மார்ஷல் ஐயா எழுதியதற்கு நன்றி. இரண்டாவது வண்டியைப் பற்றிய குறிப்பு பொன்னானது. கைச்சைகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பயிற்சி நாளில் சைகை என்பது அனுமதி. அது இல்லாமல் முந்தக் கூடாது. பந்தயத்தில் அனுமதி தேவையில்லை; ஆகவே சைகை வெறும் தகவல். நேர்பாதையில், எந்தப் பக்கம் காலியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் விரலை நீட்டுங்கள். நீட்டிய பிறகு அந்தப் பக்கம் ஓர் அங்குலம்கூட நகராதீர்கள். வளைவில் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். சைகை காட்டும் அவசரத்தில் பிரேக் பிடிக்கும் இடத்தைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களில் நானும் ஒருவன்.

பந்தயம் முடிந்த பிறகு அந்த பிஎம்டபிள்யூ அணியின் கூடாரத்துக்குப் போனீர்களா? போகவில்லை என்றால் இப்போதாவது ஒரு கடிதம் எழுதுங்கள். தவறு யாருடையது என்று பேசுவதற்காக அல்ல; உங்கள் பின்பக்கக் கேமராவும் அவருடைய முன்பக்கக் கேமராவும் ஒரே மூன்று நொடியை இரண்டு கோணங்களில் பதிந்திருக்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கக் கிடைப்பது அரிய வாய்ப்பு.

மியாட்டாக்காரன்:

அன்று போகவில்லை. கோபத்தில் இருந்தேன். உங்கள் பதிலைப் படித்த பிறகு அவர்களுக்கு எழுதினேன், பதிலும் வந்துவிட்டது. ஓட்டியவருக்கு அது இரண்டாவது பந்தயமாம். அவர் அனுப்பிய பதிவில், நான் காலை எடுத்த கணத்தில் அவரும் பிரேக்கிலிருந்து காலை ஒரு நொடி தளர்த்துவது பெடல் கேமராவில் தெரிகிறது. நான் பழுதாகி வேகம் குறைகிறேன், வெளிப்புறமாகவே ஒதுங்கி நின்றுவிடுவேன் என்று நினைத்தாராம். அடுத்த பந்தயமும் அதே தடத்தில்தான். கண்ணாடியை அகலமான ஒன்றாக மாற்றியிருக்கிறோம். நெரிசல் மிகுந்த முதல் ஸ்டின்ட்டை (ஓட்டும் முறையை) எனக்குத் தர மட்டும் அணியினர் இன்னும் சம்மதிக்கவில்லை.