மடிப்பாக்கம் பக்கம் பிளே ஸ்கூல்: உதவி தேவை

மகளுக்கு வரும் ஜூனில் இரண்டே முக்கால் வயது. வீடு மடிப்பாக்கம், எங்கள் இருவருக்கும் வேலை தரமணியில். ஜூனில் சேர்த்தாக வேண்டும், இன்னும் இடம் அமையவில்லை.

பேச்சு நன்றாக வருகிறது, டயப்பர்தான் முழுசாக விடவில்லை. அதைச் சொன்னதுமே தெருமுனை பிளே ஸ்கூலில் "பழக்கிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வேளச்சேரியில் ஒரு மாண்டிசோரி ரொம்பப் பிடித்தது. ஒரு வாண்டு குட்டிச் சொம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றி, சிந்தியதைத் தானே துடைத்துக்கொண்டிருந்தான். மிஸ் குறுக்கே வரவே இல்லை. ஆனால் பன்னிரண்டு மணிக்கு விட்டுவிடுவார்களாம். தாத்தா பாட்டி மதுரையில், மதியம் பார்த்துக்கொள்ள யாருமில்லை.

டே கேருடன் சேர்ந்த இன்னொன்றில் மாலைவரை வைத்துக்கொள்கிறார்கள். அங்கே இந்த வயசுக்கே நாலு கோடு நோட்டு, வீட்டுப்பாடம் வேறு! மனசு ஒப்பவில்லை. அங்கன்வாடியில் 2 வயதிலிருந்தே சேர்ப்பார்கள், சத்துணவும் உண்டு. நாங்கள் திரும்பும்வரை திறந்திருக்காது என்பதுதான் சிக்கல்.

மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை, நங்கநல்லூர் சுற்றுவட்டாரத்தில், டயப்பர் போடும் குழந்தையையும் சேர்த்து, எழுதச் சொல்லி நெருக்காமல், மாலை ஆறரை வரை பார்த்துக்கொள்ளும் இடம் எது? உங்கள் பிள்ளை போன இடமாக இருந்தால் சொல்லுங்கள்.